ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

மார்ச் 3

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாம் கணக்குத் திறந்த அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். ஜன்னலோரம் உன் அண்ணன், கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு. பக்கத்தில் நீ, பாட்டில் ஃபாக்டரி ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தாய், கைப்பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. முழங்கால் வலி என்று காலை நீட்டிக்கொண்டு உன் வீட்டுக்காரர். வெளிநாட்டுச் சுரங்க வேலையிலிருந்து முதல் லீவில் வந்திருந்த உன் மகன் ஒல்லி. மேஜைக்கு அந்தப் பக்கம் முதலீட்டு ஆலோசகர். அவருக்குத் தாள் எடுத்துக் கொடுக்க ஒரு பெண். கதவோரம் நான். உன் அண்ணனும் உன் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதி ஐந்து பேரில் அன்று பேசியதை வார்த்தை மாறாமல் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

உன் அண்ணன் முப்பத்தொரு வருஷம் உலைக்கு முன்னால் நின்று வாங்கிய ஓய்வுப் பணமும், நீ அதே ஃபாக்டரியில் கணக்கெழுதிச் சேர்த்ததும் ஒரே கணக்கில் போயின. சேர்த்துப் போட்டால் கட்டணம் குறையும் என்றார் ஆலோசகர். எதை எடுத்தாலும் விற்றாலும் ஒரே தாளில் இரண்டு குடும்பத்துக் கையெழுத்தும் வேண்டும் என்று உன் அண்ணன் சொன்னார். நாலில் மூணு பங்கு ஒல்லி வேலை பார்க்கிற செம்புச் சுரங்கத்துக் கம்பெனியில். "உள்ளேயே நம்ம ஆள் இருக்கும்போது என்னம்மா பயம்?" இதைச் சொன்னதும் ஆலோசகர்தான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த நாட்டுல சண்டை வந்தா நம்ம பணம் என்னாகும்?"

நீ என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாய். "அண்ணிக்கு இதெல்லாம் புரியாது சார். கையெழுத்துப் போடற இடத்தை மட்டும் காட்டுங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அதற்காகக் காது அடைத்துப் போகவில்லை.

உன் அண்ணன் போன பிறகு கணக்கை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். முடியாது என்று ஆலோசகர் மூலம் சொல்லி அனுப்பினாய். அதிலிருந்து நாலு வருஷமாக உன்னோடு எனக்குப் பேச்சில்லை. இப்போதும் நலம் விசாரிக்க எழுதவில்லை. போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். எப்படியும் தாளைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும்.

அந்த நாட்டுத் தலைவரை அவர் வீட்டிலேயே வைத்து ராணுவம் பூட்டிவிட்டதாம். துறைமுகத்தில் சிப்பாய்கள் நிற்கிறார்களாம். பேத்தி படித்துச் சொன்னாள். நான் மூன்று முறை படிக்கச் சொன்னேன். மாதாமாதம் அந்தக் கணக்கிலிருந்து வருவதில்தான் என் வாடகையும் மாத்திரையும் நடக்கிறது. அது நின்றால் எனக்கு மகள் வீட்டுக் கூடத்துக் கட்டில்தான். அதுவும் மருமகன் முகத்தைப் பார்த்துப் பார்த்து.

சுரங்கப் பங்கு முழுவதையும் விற்கும் தாள் இதோடு இருக்கிறது. என் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழ்க்கோட்டில் நீ போட்டு ஆலோசகருக்கு அனுப்பு.

அண்ணி


மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வருஷம் கழித்து வந்த கடிதத்திலும் ஆறு வருஷத்துக்கு முந்தைய பேச்சுத்தான் இருக்கிறது. ஞாபகத்துக்குப் பரிசு கொடுப்பார்கள் என்றால் உங்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாமல் காரணத்தைப் படியுங்கள். விலை இறங்கும்போது பயந்து விற்பவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். ஆலோசகரிடம் நேற்றுப் பேசினேன். அரசாங்கம் மாறினாலும் செம்பு யாருக்கும் வேண்டியதுதான், எந்த ராணுவமும் பொன் முட்டையிடும் வாத்தை அறுக்காது, இரண்டு மாதம் பொறுங்கள் என்றார். இருபத்தாறு வருஷம் கணக்கெழுதியவள் நான். எனக்கும் கொஞ்சம் தெரியும்.

ஒல்லியும் போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். "இங்க ஒண்ணும் இல்லம்மா, டிவியில காட்டறதெல்லாம் தலைநகரத்துல. நாங்க இருக்கறது மலைக்கு அந்தப் பக்கம். சாப்பாடு வருது, ஷிப்டு நடக்குது" என்றான். அங்கே இருக்கிறவனுக்குத் தெரியாதது உங்கள் பேத்தியின் போனுக்குத் தெரியுமா?

நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

பாப்பா


மார்ச் 14

பாப்பா,

உன் கடிதம் வந்த மறுநாளே ஆலோசகர் ஆபீசுக்குப் போனேன். இடுப்பு வலியோடு இரண்டு பஸ். கண்ணாடிக் கதவை இழுக்கணுமா தள்ளணுமா என்று தெரியாமல் நின்றேன், காவலாள் திறந்துவிட்டார்.

டீ கொடுத்தார்கள். ஆலோசகர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு வட்டத்தைக் காட்டினார். அதுதான் நம் பணமாம். முக்கால் வட்டம் ஒரே நிறம். "ஏன் சார் ஒரே கலரா இருக்கு?" என்றேன். அது சுரங்கத் துறை என்றார். "துறை கிடக்கட்டும், நாடு எத்தனை?" என்றேன். கொஞ்ச நேரம் எதையோ தட்டினார். ஒரு நாடுதான். ஒரு கம்பெனி, ஒரு மலை, செம்பை இறக்க ஒரு துறைமுகம். அதிலும் இப்போது சிப்பாய்கள்.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். புதிதாக வந்தவர்கள் பழைய ஒப்பந்தம் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கப் போகிறார்களாம். செம்புக் கல் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று தடை வரலாமாம். சுரங்கத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்வதும் நடந்திருக்கிறதாம். அப்படி எடுத்துக்கொண்டால் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டுப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டுமாம். எனக்கு அறுபத்தொன்பது வயது.

"பல நாட்டுல, பல விதமா பிரிச்சுப் போட்டிருக்கணும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

"வாடிக்கையாளர் விருப்பப்படிதான் போட்டோம்மா."

"உங்க அம்மா பணம் எங்க போட்டிருக்கீங்க?"

தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. சுரங்கத்தில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. படிக்காதவளுக்கே புரிந்தது.

புதுத் தாள் வாங்கி வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விலை இன்னும் பாதிக்குக் கீழே போகவில்லை. இப்போது விற்றால் எனக்கும் உனக்கும் ஏதோ மிஞ்சும். இந்தத் தடவை திருப்பி அனுப்பாதே. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பணம் போனது மாதிரி இல்லை, வீட்டுக்குள் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

தாள் என் முன்னால் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. மூன்று நாளாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லை.

விலைக்காக நான் கையெழுத்துப் போடாமல் இல்லை. இதில் போட்டால் அந்த இடம் பிழைக்காது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த இடத்தில் என் பிள்ளை தூங்குகிறான். பணத்தை வெளியே எடுத்துவிட்டு அவனை மட்டும் உள்ளே விடுவதா? பைத்தியக்காரத்தனம்தான். கணக்கெழுதியவள் எழுதுகிற எழுத்தா இது என்று நீங்கள் கேட்பீர்கள்.

போன ஞாயிறு அவன் மறுபடி பேசினான், அதையும் முழுசாகச் சொல்கிறேன். "நம் நிறுவனம் பாதுகாப்பாக உள்ளது. குடும்பத்தினர் தங்கள் பங்குகளை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்" என்றான். இப்படியா அவன் பேசுவான்? சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கும்போது வரி முடிகிற இடத்தில் நிறுத்துவான், அர்த்தம் முடிகிற இடத்தில் நிறுத்த மாட்டான். அடிப்பேன். அதே மாதிரி நிறுத்தினான் அண்ணி. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தான். பின்னால் இன்னொருத்தர் இருமினார்.

"பக்கத்துல யாருடா?" என்றேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அதற்கப்புறம் போன் இல்லை. நான் அடித்தால் மணிகூட அடிக்கவில்லை.

முதல் கடிதத்தில் "ஒண்ணும் இல்லம்மா" என்று அவன் சொன்னதாக எழுதினேனே, அதையும் அதே குரலில்தான் சொன்னான். நான்தான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும்?

பாப்பா


மார்ச் 24

பாப்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பேத்தியிடம் கொடுக்கவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் அந்தப் பையனைத் துண்டில் சுற்றி முதலில் கையில் வாங்கியவள் நான். நீ மயக்கத்தில் இருந்தாய். எலும்பும் தோலுமாக இருந்தான். ஒல்லி என்று பெயர் வைத்ததும் நான்தான். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அவனுக்குப் பங்கில்லை.

சும்மா உட்கார முடியவில்லை. அதே சுரங்கத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் கரண்டு வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கரண்டுக்காரர் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவேயில்லை. இரண்டு பெண் குழந்தைகள். உன்னிடம் ஒல்லி படித்ததையே அவர் அவளிடமும் படித்திருக்கிறார்.

"அவர் எழுத்துக் கூட்டித்தான் பெரியம்மா படிப்பாரு. 'பாதுகாப்பாக'ன்னு சொல்ல மூணு தடவை ஆச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம்தான் யாரோ எழுதிக் குடுத்ததுன்னு உறைச்சுது."

அவளுக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான். எல்லார் பாஸ்போர்ட்டையும் கம்பெனி ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தங்குகிற முகாமின் கேட் வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது. பூட்டியது கம்பெனியா சிப்பாயா என்று தெரியாது. உள்ளே வந்து போகிறது தண்ணீர் லாரி ஒன்றுதான். அந்த டிரைவரின் தம்பி நம் ஊரில் கடை வைத்திருக்கிறார். சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் விடுவார்களாம். பணத்தை இங்கே தம்பியிடம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். அவள் காதில் கிடந்ததை விற்றாலும் அதில் கால்வாசி தேறாது.

இப்போது கேள். கையெழுத்துப் போட்டால் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் பணத்தை எடுக்கிறோம் என்று நினைத்தாய். அதைத் திருப்பிப் போடு. அந்தப் பணம்தான் அவனை எடுக்கிற கயிறு. என் பாதியையும் சேர்த்து எடு. வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போடு. இன்றைக்கே போடு.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்த அரை மணியில் கையெழுத்துப் போட்டேன். தபாலை நம்பாமல் பஸ் ஏறி நானே ஆலோசகர் ஆபீசுக்கு வந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போனது. இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அழுதிருப்பேன், ஆபீஸ் மூடியிருப்பார்கள்.

ஆலோசகர் தாளைக் கையில் வாங்கவே இல்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து அந்தப் பங்கில் வியாபாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். சுரங்கம் இனி அரசாங்கத்துக்கு என்று அங்கே அறிவித்துவிட்டார்கள். விற்கவும் முடியாது வாங்கவும் முடியாது. எப்போது திறக்கும் என்று கேட்டேன். "திறந்தாலும்..." என்று இழுத்தார்.

மார்ச் 9ஆம் தேதி நான் போட்டிருந்தால் விற்றிருக்கும். மார்ச் 20ஆம் தேதி போட்டிருந்தால்கூட. மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பணமும் என்னால் போனது. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று யாருடைய எண்ணிலிருந்தோ ஒரு செய்தி. "அம்மா, இருக்கேன். கூப்பிடாதே." அவ்வளவுதான்.

பாப்பா


ஏப்ரல் 1

பாப்பா,

திட்ட நேரமில்லை. பிறகு உட்கார்ந்து நிதானமாகத் திட்டுகிறேன்.

கணக்கில் முக்கால் பங்குதான் சுரங்கம். மீதிக் கால் நம் நாட்டு அரசாங்கப் பத்திரம். உன் அண்ணன் பிடிவாதமாக ஒதுக்கி வைத்தது. அன்று எல்லாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றீர்கள். அதை உடைக்கலாம். ஆலோசகரிடம் போய்க் கேட்டுவிட்டேன், நாலு நாளில் கைக்கு வரும். தாள் இதோடு இருக்கிறது, உன் கையெழுத்து மட்டும் பாக்கி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மருமகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வாசலிலேயே நிற்பார், போட்டுக் கையிலேயே கொடு.

ஒரு விஷயம். அந்தப் பணத்தில் லாரியில் இரண்டு இடம். ஒன்று ஒல்லிக்கு, ஒன்று கரண்டுக்காரருக்கு. வழி சொன்னவள் அவர் மனைவி. அவள் சொல்லாவிட்டால் நமக்கு லாரியும் தெரியாது டிரைவரும் தெரியாது. அவள் கையைப் பிடித்து, "உன் வீட்டுக்காரர் வருவார்" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரோடும் பேசினால் காவல் கவனிக்கும் என்று டிரைவர் ஒல்லியிடம்தான் நாளும் இடமும் சொல்வார். ஒல்லிதான் கரண்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு நம் கணக்கில் விற்க ஒன்றும் இருக்காது. தெரிந்துதான் போடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 15

என் அருமை அண்ணிக்கு,

வந்துவிட்டான். எல்லை தாண்டிவிட்டான். வேறொரு ஊரில் லாட்ஜில் இருக்கிறான். குளித்துவிட்டுப் பேசினான். அவன் குரலிலேயே பேசினான் அண்ணி, யாரும் எழுதிக் கொடுக்காமல். அடுத்த வாரம் தற்காலிகப் பாஸ்போர்ட் கொடுப்பார்களாம். நீங்கள்தான் அவனை இரண்டாவது தடவை கையில் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் காலில் விழ வேண்டும் நான்.

திங்கட்கிழமை காலையில் அவனுக்குச் செய்தி வந்ததாம். புதன்கிழமை பகலில் லாரி வந்ததாம். வெயிலில் தகரம் கொதித்ததாம், இரண்டு சோதனைச் சாவடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தானாம்.

கரண்டுக்காரர் வரவில்லை. லாரி வந்தபோது அவர் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தாராம். போய்க் கூப்பிட்டால் காவலுக்குச் சந்தேகம் வரும், டிரைவரும் நிற்க மாட்டார் என்று இவன் தனியாக ஏறிவிட்டான். பக்கத்து இடத்தில் இவனுடைய பெட்டி வந்தது. போட்டிருந்த துணியோடு வராமல் பெட்டியையாவது கொண்டுவந்தானே.

அந்தப் பெண்ணிடம் இப்போது சொல்லாதீர்கள். அவர் அடுத்த லாரியில் வருகிறார் என்று சொல்லி வையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு.

பாப்பா


ஏப்ரல் 19

பாப்பா,

ஒல்லி உயிரோடு வந்தது எனக்கும் சந்தோஷம். உன் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு திங்கள் புதன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு வந்தேன்.

திங்கள் காலை செய்தி. புதன் பகல் லாரி. நடுவே இரண்டு நாள். முகாமில் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள், இது அவன் முதல் லீவில் வந்தபோது அவன் வாயாலேயே சொன்னது. இரண்டு நாளில் ஆறு வேளைச் சாப்பாடு வரும். ஆறு வேளையும் எதிரே உட்கார்ந்திருந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு எந்தக் காவலும் குறுக்கே நிற்கவில்லை. சொன்னால் அவர் உளறிவிடுவார், காரியம் கெட்டுவிடும் என்று பயந்திருப்பான். பயம் எனக்குத் தெரியும். இந்த ஒன்றரை மாதமாக அதோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன். ஆனாலும் பெட்டியை எடுத்து வைக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த லாரி கிடையாது. டிரைவரின் தம்பி கடையை மூடிவிட்டார். டிரைவரைப் பிடித்துவிட்டார்களாம். முகாமைப் பற்றி வானொலியில் ஒரு வார்த்தை இல்லை.

அவளிடம் பொய் சொல்லச் சொன்னாய். நேற்று அவளே வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அவர் சட்டை ஒன்றைத் தேய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். "எப்ப பெரியம்மா வருவாரு? எந்த ஸ்டேஷனுக்குப் போய் நிக்கணும்?" என்றாள். பிள்ளைகளைப் பேத்தியோடு கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டியையும். அவள் அழவில்லை. "அந்த இடத்துக்குக் காசு நீங்கதானே குடுத்தீங்க பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதம் வாடகை கொடுக்கவில்லை. அடுத்த மாதம் மகள் வீடுதான். அதைப் பற்றி உன்மேல் கோபமில்லை. அன்று என்னைப் படிக்காதவள் என்று ஒதுக்கினாயே, அதையும் விட்டுவிட்டேன். நீ கையெழுத்துப் போடத் தாமதித்தது பெற்றவள் செய்கிற காரியம். ஆலோசகர் சம்பளத்துக்கு வேலை செய்தவர். இரண்டு கையெழுத்து என்று நம்மைக் கட்டிப் போட்ட உன் அண்ணனோடு ஆறு வருஷமாக மனசுக்குள் சண்டை போட்டேன், அதுவும் முடிந்தது. எல்லாரையும் மன்னிக்க என்னால் முடிகிறது. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவன் வந்து இறங்கினால் என் வீட்டுக்குக் கூட்டி வராதே. நல்லா இருக்கட்டும், கல்யாணம் பண்ணிக்கட்டும், பிள்ளை பெறட்டும். நான் பெயர் வைத்தவன், நான் காசு கொடுத்து வெளியே எடுத்தவன். உயிர் இருக்கிற வரை நான் மன்னிக்கப் போவதில்லை என்றால் அது ஒருத்தனைத்தான். உன் மகன் ஒல்லியை.

அண்ணி